மிளகாய்த்தூளுக்கு அடியில்

லாஞ்சு கரைக்கு வந்திருக்க வேண்டிய நாள் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது. அன்றைக்கும் விடியற்காலையில் பவுனம்மாள் மீன் கூடையோடு டோல்கேட் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மருமகள் மலர் அரிவாள்மணையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். வீட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் கடல் மனசு மாறிவிடுமா என்பது பவுனம்மாளின் கட்சி. மலருக்கும் அதுவே சரியாகப் பட்டது. கைக்கு வேலை இருந்தால் நெஞ்சு கொஞ்சம் அடங்கும்.

மாமியார் விற்பாள், மருமகள் வெட்டிக் கொடுப்பாள். சங்கராவுக்குச் செதில் சீவி, செவுளைப் பிடுங்கி, குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டு அதற்குத் தக்கபடி துண்டு போட வேண்டும். மாசி வெயில் எட்டு மணிக்கே தார்ப்பாயைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. வாடிக்கைக்காரர்கள் மீன் விலையைக் கேட்கும் முன்னால் லாஞ்சைப் பற்றிக் கேட்டார்கள். பவுனம்மாள் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். ஐஸ் மிச்சமிருந்தால் இரண்டு வலை கூடப் போட்டுவிட்டுத்தான் வருவான், என் பிள்ளைக்கு ஆசை ஜாஸ்தி என்றாள். சொல்லிவிட்டு எடைக்கல்லை வழக்கத்தைவிடச் சத்தமாகத் தட்டில் வைத்தாள்.

மலர் தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது.

அவள் புருஷன் ஜெகதீசன்தான் அந்த லாஞ்சின் டிரைவர். காசிமேட்டிலிருந்து அவனோடு ஐந்து பேர் போயிருந்தார்கள். அதில் ஒருவன் லல்லன். திருவொற்றியூர்க் குப்பத்தில் இவர்கள் வீட்டு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில், மனைவி சுனைனாவோடு ஆறு வருஷமாகக் குடியிருக்கிறான். ஊர் பீகார். கங்கையில் படகு தள்ளிய குடும்பம். கடலைப் பார்த்த முதல் நாள் வாந்தி எடுத்தவன், இப்போது அந்த லாஞ்சில் வலையும் இழுப்பான், சமையலும் செய்வான்.

கடலுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு மலரும் ஜெகதீசனும் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்கள். கார்டில் பதிய வேண்டும், வீட்டுக்காரம்மா போன் நம்பரைச் சொல்லு என்று கடைக்காரர் ஜெகதீசனைக் கேட்டார். அவன் சட்டைப்பையைத் தடவினான். போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். முதல் நாலு எண்ணைச் சொல்லிவிட்டு விழித்தான். வரிசையில் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷம், தன் நம்பர்கூடத் தெரியாதா என்று மலருக்கு முகம் சுண்டிப்போனது. லாஞ்சு இஞ்சின் நம்பர், வலையின் கண் அளவு, எந்த வருஷம் எந்தத் தேதியில் எவ்வளவு இறால் பட்டது, எல்லாம் தெரியும். இது தெரியாது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் கிளம்பிய காலையிலும் பேசவில்லை.

அந்தக் காலையில்தான் இன்னொன்றும் நடந்தது. எட்டு நாள் கணக்குப் போட்டுப் போனாலும், மீன் படாவிட்டால் பத்து, பன்னிரண்டு நாள் இழுத்துவிடுவது உண்டு. போன வருஷம் ஹோலி அன்றைக்கு லல்லன் நடுக்கடலில் இருந்தான், சமையல் மஞ்சளைக் கன்னத்தில் பூசிக்கொண்டு பண்டிகையை முடித்துக்கொண்டான். அதனால் இந்த வருஷம் எதற்கும் இருக்கட்டும் என்று சுனைனா அவன் பையில் ஆறு பாக்கெட் சாயப்பொடி வைத்தாள். நாலு ரோஸ், ஒரு பச்சை, ஒரு மஞ்சள். பவுனம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது? அது காமன எரிச்ச நாளு. ஒரு பொம்பள புருஷன பறிகுடுத்துட்டு மாருல அட்ச்சிகினு அழுத நாளு. அந்த நாளுக்கு என் புள்ள ஏறுற லாஞ்சுல கொண்டாட்டமா? எடு வெளிய."

பாக்கெட்டுகள் மாடிப்படிக்கு வந்து சேர்ந்தன. லல்லன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். ஆனால் சுனைனாவின் முகம் விழுந்ததை மலர் பார்த்தாள். புருஷன்மேல் இருந்த கோபமும் மாமியார்மேல் வந்த கோபமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. லாஞ்சுக்காக அவள் அரைத்து வைத்திருந்த குழம்பு மிளகாய்த்தூளை டப்பாவிலிருந்து கொட்டினாள். ஆறு பாக்கெட்டையும் பாலிதீன் கவரில் சுற்றி அடியில் வைத்தாள். மேலே தூளைப் போட்டு மூடிக் கொடுத்தனுப்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, சுனைனாவிடம்கூட. பொடியை மாமியார்தான் தூக்கி எறிந்துவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். டப்பா காலியாகும்போது லல்லன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டாள்.

ஆறாம் நாளோடு அந்த லாஞ்சின் வயர்லெஸ் பேச்சு நின்றுபோனது. அதற்குப் பிறகு கரைக்கு வந்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

*

மத்தியானம் இருவரும் வீடு திரும்பியபோது மாமனார் கருணாகரன் வாசலில் வலையைக் காலில் மாட்டிக்கொண்டு கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். முழங்கால் போனதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. காலையிலிருந்து மீனவர் சங்கத்துக்கு மூன்று தடவை நடந்து வந்திருக்கிறார். நாலு லாஞ்சு தேடிப் போய்த் திரும்பிவிட்டது, கடலோரக் காவல் படைக்கும் சொல்லியாகிவிட்டது, ஒரு தகவலும் இல்லை என்றார். மாசியில் கடல் நீரோட்டம் தெண்டி, அதாவது தெற்கேயிருந்து வடக்கே இழுக்கும். இஞ்சின் நின்றிருந்தால் ஆந்திரா பக்கம் போயிருக்கும், எவ்வளவு தூரம் என்பதுதான் தெரியவில்லை என்று வலையைப் பார்த்தே சொன்னார்.

மாடியிலிருந்து நெய் வாசனை இறங்கி வந்தது. பவுனம்மாள் கூடையைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மாடிப்படியின் மேல்தட்டில் அடுப்பை வைத்துக்கொண்டு சுனைனா ஏதோ பொரித்துக்கொண்டிருந்தாள். மைதாவுக்குள் பால்கோவாவும் முந்திரியும் வைத்து, ஓரத்தை மடித்து, நம் சோமாசி மாதிரியே இருக்கும். அவர்கள் குஜியா என்பார்கள்.

"புருஷன் கடல்ல காணோம், இவ சோமாசி சுட்டுகினு கீறா" என்றாள் பவுனம்மாள், மேலே கேட்கட்டும் என்று.

சுனைனா அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். அவள் கண்ணும் இரண்டு நாளாகத் தூங்காத கண்தான். தெருவில் கற்றுக்கொண்ட தமிழில் நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா, உங்க கதையில புருஷன் நெருப்புல போனாரு. எங்க கதையில கொழந்த நெருப்புலேர்ந்து வெளிய வந்துச்சு. பிரகலாதன். அவன் அத்த ஹோலிகா அவன மடியில வெச்சிகினு நெருப்புல குந்துனா. அவளுக்கு நெருப்பு சுடாதுன்னு வரம். ஆனா அவ எரிஞ்சிட்டா, கொழந்த சிரிச்சிகினு வந்துட்டான். அதுக்குத்தான் இன்னிக்கு சாயங்காலம் நெருப்பு, நாளைக்கு கலரு. நான் இத செய்யாம வுட்டா, அவரு வரமாட்டாருன்னு நானே சொல்ற மாதிரி ஆயிடும்மா."

பவுனம்மாள் கவிழ்த்த கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டினால் பதிலுக்குத் திட்டுகிறவர்களோடுதான் அவளுக்குப் பழக்கம். யாருக்கும் சொல்லாத மாதிரி, தன் கதையைச் சொன்னாள். ஒன்பது வயதில் கொருக்குப்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாளாம். அந்தத் தெருவில் ஆமணக்குக் கொம்பும் கரும்பும் நட்டு, வைக்கோல் பிரி சுற்றி, அதுதான் காமன் என்று பதினைந்து நாள் கும்பிட்டார்கள். பௌர்ணமி அன்றைக்குக் கொளுத்தினார்கள். புடவை கட்டி ரதி வேஷம் போட்ட ஒரு ஆள் நெருப்பைச் சுற்றிச் சுற்றி ஓடி, மண்ணில் புரண்டு அழுதான்.

"ஆம்பளன்னு எனக்குத் தெரியும். காலையில அத்த வூட்டாண்ட பீடி புட்ச்சிகினு நின்ன ஆளுதான். ஆனா அந்த அழுகை இன்னும் காதுல கீது. அன்னிக்கே ஜுரம் வந்து பட்த்துட்டேன். மூணாம் நாளு காமன எழுப்புவாங்களாம். பாட்டெல்லாம் பாடுவாங்களாம். அத நான் பாக்கவே இல்ல."

சுனைனா ஒரு தட்டில் நாலு குஜியா கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பவுனம்மாள் அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

*

ரயில் பாதைக்குப் பக்கத்து வெற்றிடத்தில் சாயங்காலம் வடக்கத்தி ஆட்கள் கூடினார்கள். கம்பெனிகளில் வெல்டிங் வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், குடும்பத்தோடு வந்த சிலர். உடைந்த பலகை, வரட்டி, பழைய நாற்காலிக் கால் எல்லாம் அடுக்கியிருந்தது. நிலா எழும்புகிற நேரத்தில் கொளுத்தினார்கள். கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று அலறிக்கொண்டு போனது, ஜன்னலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாமியாருக்குத் தெரியாமல் மலரும் வந்திருந்தாள். சுனைனா கோதுமைக் கதிரை நெருப்பில் வாட்டினாள், தேங்காயைப் போட்டாள், முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஏழு சுற்று வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் அவள் உதடு அசைந்தது. மலருக்கு அந்தச் சூட்டில் நிற்க முடியவில்லை. சுனைனா சுற்றி முடித்து வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுனைனா, உன் பொடிய நான்தான் அனுப்புனேன். மொளகாத்தூள் டப்பாவுக்கு அடியில வெச்சு. அத்த வேணான்னு சொல்லியும் கேக்கல. அதனாலதான் இப்டி ஆச்சோன்னு நெஞ்சு அட்ச்சிகினே கீது."

சுனைனா அவளையே பார்த்தாள். பிறகு, இரண்டு நாளில் முதல் தடவையாக, அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அப்போ அவருகிட்ட கலர் கீதா அக்கா?"

"கீது. ஆறும் கீது."

"நாளைக்கு வெளையாடுவாரு" என்றாள் சுனைனா. அவள் அதைச் சொன்ன விதத்தில் லல்லன் உயிரோடு இருந்தான், பசியோடு இருந்தான், நாளைக் காலை குளிப்பதற்கு முன்னால் கன்னத்தில் பொடியைப் பூசிக்கொள்ளப் போகிறான். மலர் அதுவரை அழாமல் வைத்திருந்ததை அங்கேயே அழுது தீர்த்தாள்.

*

மறுநாள் காலை பவுனம்மாள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அதுவே வீட்டில் எல்லாருக்கும் பயமாக இருந்தது. தெருக்கோடியில் வடக்கத்திப் பையன்கள் சத்தம் போட்டுக்கொண்டு பொடி வீசிக்கொண்டிருந்தார்கள். சுனைனா நெருப்பிலிருந்து எடுத்து வந்த சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். கலரைத் தொடவில்லை.

ஒன்பது மணிக்கு மலரின் போன் அடித்தது. தெரியாத நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று எடுக்காமல் விட்டாள். உடனே மறுபடி அடித்தது.

"அக்கா, நான் பழவேற்காட்லேர்ந்து தீபன் பேசுறேன். உங்க வூட்ல யார்னா கடலுக்குப் போயிகீறாங்களா?"

மலர் ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் கருணாகரன் பக்கம் நீட்டினாள். சுனைனா படியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

தீபன் ஃபைபர் போட்டில் நண்டு வலை போடுகிறவன். நேற்றுச் சாயங்காலம் வலை எடுக்கப் போனபோது கடலில் ரோஸ் நிறத்தில் ஏதோ மிதந்ததாம். கிட்டே போனால் தண்ணீர்க் கேன், மூடி போட்டது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று.

"வெள்ள கேனு கடல்ல ஆயிரம் மெதக்குது தாத்தா, திரும்பிக்கூட பாத்துருக்க மாட்டோம். இது கண்ண பறிச்சுது. ஒரு பக்கம் முழுக்க ரோஸு. மறு பக்கம் அதே ரோஸுல லாஞ்சு நம்பரு, ஒரு போன் நம்பரு, தேதி. 'இஞ்சின் இல்ல, ஆறு பேர் நல்லா கீறோம்'னு எய்திகீது. ராத்திரி கரை சேந்ததும் போன் பண்ணேன். ஒரு கேன்ல கடைசி நம்பரு ஆறு, இன்னோன்ல ஒம்போது. ஆறுக்கு போட்டேன், எடுக்கல. ஒம்போதுக்கு லைனே போவல. காலையில திரும்பப் போட்டேன். அஜீசுன்னிசான்னு ஒரு அம்மா எடுத்தாங்க, ராயபுரமாம். எங்க வூட்ல யாரும் கடலுக்குப் போவல நைனா, எங்கிட்ட பேசிகினு நிக்காத, ஜல்தி அந்த நம்பருக்குப் போடுன்னு திட்டுனாங்க."

ஆறு பேர் நல்லா கீறோம். சுனைனா அந்த வார்த்தையைத் திருப்பிக் கேட்டாள். தீபன் திருப்பிச் சொன்னான்.

கருணாகரன் வலையைக் காலிலிருந்து உருவிப் போட்டார். கேன்களில் போட்டிருந்த தேதிகளைக் கேட்டார். ஒன்றில் மூன்று நாள் முந்தைய தேதி, இன்னொன்றில் நேற்றைய தேதி. எந்த இடத்தில், எத்தனை பாகம் ஆழத்தில் கிடைத்தது என்று கேட்டார். நேற்றுப் போட்ட கேன் நேற்றே கிடைத்திருக்கிறது என்றால் லாஞ்சு அதற்குப் பக்கத்தில்தான், தெற்கே ஒரு பொழுது தூரத்துக்குள்தான் இருக்கும் என்றார். நாம் பயந்ததுபோல ஆந்திராவுக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை, வலையை நங்கூரம் மாதிரிப் போட்டு நிறுத்திப் பார்த்திருப்பான் என் மகன் என்றார். சட்டையை மாட்டாமலே சங்கத்துக்கு ஓடினார். அந்த முழங்காலோடு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

பவுனம்மாள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"ரோஸு அங்க எப்டி வந்துச்சு? நான்தான் எடுத்து வெளிய வெச்சேனே."

மலர் சொன்னாள். டப்பா, பாலிதீன் கவர், எல்லாவற்றையும். மாமியார் கை ஓங்கினாலும் சரி என்று நின்றாள்.

"மொளகாத்தூளுக்கு அடியிலயா?"

"ஆமா அத்த."

"நான் சொன்னா கேக்கமாட்ட, இல்ல?"

மலர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கேக்காத" என்றாள் பவுனம்மாள். பிறகு பக்கத்திலிருந்த தட்டை இழுத்து, நேற்றிலிருந்து அப்படியே கிடந்த குஜியாவில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்று விழுங்கியபின், இன்னும் கொஞ்சம் ஏலக்காய் போட்டிருக்கலாம் என்று சுனைனாவிடம் சொன்னாள். அதைச் சொல்லி முடிக்கும் முன் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

*

காசிமேட்டிலிருந்து நாலு லாஞ்சும் பழவேற்காட்டிலிருந்து இரண்டு ஃபைபர் போட்டும் போயின. மறுநாள் மத்தியானம் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

துறைமுகத்தில் கூட்டம் நெரித்தது. லாஞ்சைப் பார்த்ததும் முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். கேபின் சுவர், கயிற்றுச் சுருள், வெளியில் நின்ற ஆறு பேர் என்று எல்லாம் ரோஸ். உதடு வெடித்து, கண் குழிவிழுந்து, முழங்கை வரை ரோஸ் கையோடு ஜெகதீசன் ஏணியில் ஏறி வந்தான். லல்லனின் இரண்டு கன்னத்திலும் மட்டும் பச்சை. அவன் பண்டிகையைக் கொண்டாடிவிட்டுத்தான் வந்திருக்கிறான். சுனைனா அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், அந்தப் பச்சையை எடுத்துத் தன் கன்னத்தில் பூசிக்கொள்ளப் பார்த்தாள். அது வரவில்லை. கிரீஸ் கலந்த பச்சை.

நடந்ததை மற்றவர்கள்தான் சொன்னார்கள். இஞ்சின் ரூமுக்குள் தண்ணீர் ஏறி இஞ்சினும் பேட்டரியும் ஒன்றாகச் செத்துப்போனது, அதோடு வயர்லெஸ், போன் சார்ஜ் எல்லாம். தண்ணீர் தீர்ந்து ஐஸை உருக்கிக் குடித்தார்கள். எட்டாம் நாள் குழம்புக்குத் தூள் எடுக்கக் கரண்டியை விட்டால் டப்பா அடியில் கவர் தட்டியது. தண்ணீரில் கரைத்தால் இந்தப் பொடி அலையில் போய்விடும் என்று லல்லன் சொன்னானாம். அவன் ஊரில் ஹோலிக்கு வேண்டுமென்றே கடுகெண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள், நாலு நாளானாலும் போகாது. இங்கே கடுகெண்ணெய்க்கு எங்கே போவது, கிரீஸ் இருந்தது. காலி கேன்கள் பதினொன்று. தினமும் மூன்று, நாலு என்று விட்டார்கள்.

பவுனம்மாள் மகனைக் கட்டிப்பிடித்து அழுது தீர்த்தபின், சுனைனா கையிலிருந்த தட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி எடுத்தாள். லல்லன் நெற்றியில் வைத்தாள்.

"முந்தாநேத்து எரிச்சீங்க. இன்னிக்கு மூணாம் நாளு" என்றாள். "அன்னிக்கு ஜுரத்துல பாக்காம வுட்டத இன்னிக்குத்தான் பாக்குறேன்."

*

மூன்று தடவை குளித்தும் ஜெகதீசன் கை வெளுக்கவில்லை. சாயங்காலம் வாசலில் அவனை உட்காரவைத்து, கடலை மாவிலும் தேங்காயெண்ணெயிலும் குழைத்து மலர் விரல் விரலாகத் தேய்த்தாள்.

"என் நம்பர சொல்லு" என்றாள் அவள்.

கடகடவென்று சொன்னான். ஒன்பது எண்கள். பத்தாவதில் நின்றுவிட்டான்.

"லாஞ்சு ஓட்டிகினே மனப்பாடம் பண்ணேன் மலரு. நாலு நாளு அதே வேல. போன பாத்துதான் சொல்லுவேன். கடைசி நம்பரு ஒட்டுறதுக்குள்ள போனு செத்துச்சு. ஆறா ஒம்போதான்னு பேஜாரா பூட்ச்சு."

"எத்தினி கேனுல ஆறு போட்ட?"

"அஞ்சு."

"மத்த ஆறுலயும்?"

"ஒம்போது."

"எனக்கு ஒண்ணு ஏன் ஜாஸ்தி?"

"மனசு அந்தப் பக்கம்தான் சாஞ்சுது."

மலர் அவன் கையை விடவில்லை, மாவு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. நம்பரைப் பார்த்தாள். அவள் நம்பரேதான், கடைசி எண் மட்டும் ஆறு.

வயதான குரல், மூச்சிரைப்போடு. பழவேற்காட்டுத் தம்பியிடம் கேட்டு நம்பர் வாங்கினேன், நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை, வந்துவிட்டார்களா என்று அஜீசுன்னிசா கேட்டாள்.

மலர் போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

"இந்தா, உன் அஞ்சு கேன்காரங்க. நீயே சொல்லு."

ஜெகதீசன் எழுந்து நின்று, ரோஸ் கையால் போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"வந்துட்டோம்மா" என்றான். "ஆறு பேரும் வந்துட்டோம்."